கழுத்தில் பிறந்த யோசனை

பெண் கேட்டு வந்த இடத்தில் "யோசிச்சுச் சொல்றோம்" என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டால், தரகர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வீட்டில் இனி யாரும் யோசிக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கைமாற்றுக் கேட்டவனிடம் "யோசிக்கிறேன்" என்பதும் அதே ரகம்தான். "அவர்கிட்ட காசுக்கு என்ன குறைச்சல், செலவழிக்கத்தான் யோசிப்பார்" என்கிறோம். "யோசிக்காம சாப்பிடுங்க, நம்ம வீடு" என்று உபசரிக்கிறோம். மறுப்பு, தயக்கம், கருமித்தனம், கூச்சம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். இவற்றுக்கு நடுவே, எப்போதாவது, நிஜமாகவே மூளையைச் செலவழிப்பதையும் அது குறிக்கிறது.

இப்படி நின்றுபோன ஆளைச் சொல்ல நாம் பயன்படுத்தும் இந்தச் சொல், ஒரு காலத்தில் ஓட்டத்தைச் சொன்னது. மாட்டையோ குதிரையையோ நுகத்தில் பூட்டி, மறுபடி அவிழ்த்துவிடும் வரை எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரத்துக்குப் பெயர் யோசனை. நெற்றியைச் சுருக்குவதற்கும் அதற்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. அது விலங்கின் கழுத்தில் பிறந்த சொல்.

சமஸ்கிருதத்தில் 'யுஜ்' என்று ஒரு வினையடி. வண்டி பூட்டு, ஏர் பூட்டு என்கிறோமே, அந்தப் பூட்டுதான் அதன் முதற்பொருள். இணைத்தல், சேர்த்தல், பொருத்துதல் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. நுகத்தடிக்கு வேதமொழியில் 'யுகம்' என்றே பெயர். இலத்தீனில் அது யுகும், கிரேக்கத்தில் ஸுகோன், ஜெர்மனில் யோஹ், ஆங்கிலத்தில் யோக். இந்த மொழிகளைப் பேசியவர்களின் முன்னோர் ஒன்றாக இருந்த காலத்திலேயே அவர்களிடம் பூட்டிய விலங்கு இருந்தது என்பதற்கு மொழியியலாளர்கள் காட்டும் முக்கியமான சான்றுகளில் இந்தச் சொல் ஒன்று. ஒரே நுகத்தில் நிற்பவை இரண்டு என்பதால் யுகத்துக்கு இணை என்ற பொருளும் வந்தது. தலைமுறை என்ற பொருளும் சேர்ந்தது. பிறகு சோதிடர்கள் கையில் சிக்கி 4,32,000 ஆண்டுக் கலியுகமாக நீண்டுவிட்டது. ஒரு மரக்கட்டை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

யுஜ் குடும்பத்தில் தமிழுக்கு வந்து குடியேறியவர்களைக் கணக்கெடுத்தால் தெருவே நிறைந்துவிடும். யோகம், யோகி, உபயோகம், பிரயோகம், விநியோகம், வியோகம், உத்தியோகம் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். யுக்தியும் அப்படியே. அந்த யுக்தி தமிழில் 'உத்தி' என்று உருமாறி, தொல்காப்பியத்தின் மரபியலில் 32 வகையாக வந்து உட்கார்ந்துகொண்டது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் தன் கடைசிப் பகுதியில் இதே 32 என்ற எண்ணிக்கையில்தான் யுக்திகளை வரிசைப்படுத்துகிறது. 'பிரயோசனம்' என்பது யோசனைக்கு உடன்பிறப்பு. முன்னால் 'பிர' என்ற ஒட்டு மட்டும் அதிகம். "யோசிச்சுப் பிரயோசனம் இல்ல" என்று சலித்துக்கொள்பவர் ஒரே வேரை ஒரே மூச்சில் இரண்டு முறை பிடுங்குகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது யோக்கியன். 'யோக்ய' என்றால் நுகத்தில் பூட்டத் தகுந்தது. வேத காலத்தில் அது வண்டி இழுக்கும் விலங்குக்கே பெயராகவும் இருந்தது. அதிலிருந்து தகுதி, அதிலிருந்து நேர்மை. அப்படியானால் அயோக்கியன்? பூட்டினால் நுகத்துக்கு அடங்காத மாடு. கிராமத்தில் மாடு பழக்கியவர்கள் யாரும் இந்தச் சொல்லாராய்ச்சியில் குறை காணமாட்டார்கள். அரசியல் மேடைகளில் ஒருவரையொருவர் இப்படி அழைத்துக்கொள்பவர்கள், தாங்கள் மாட்டுச் சந்தைத் தரச்சான்றிதழ்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அறிந்தால் வருத்தப்படலாம்.

யோசனைக்கு வருவோம். முதலில் அது பூட்டுவதைக் குறித்தது. பிறகு பூட்டிய வண்டியையும் அது போகும் வழியையும் குறித்தது. கடைசியில் ஒரு பூட்டுக்குப் போகும் தூரமாக நிலைத்தது. தூரத்தைக் கோல் வைத்து அளப்பதற்கு முன்பு, உடம்பை வைத்தும் உயிரை வைத்தும் அளந்த காலம் அது. யோசனைக்குக் கீழே இருந்த அளவு 'குரோசம்'. கூவுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. இந்திக்காரர்களின் 'கோஸ்' இதுதான். தமிழில் இதற்கு நேர் அளவு 'கூப்பிடு'. ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் தூரம். நாலு கூப்பிடு ஒரு காதம், நாலு காதம் ஒரு யோசனை என்பது பழைய வாய்பாடு. வாய்பாடு போய்விட்டது, 'கூப்பிடு தூரம்' மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.

ஒரு பூட்டுக்கு எவ்வளவு தூரம் என்பது மாட்டைப் பொறுத்தது, பாதையைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்தது, வண்டிக்காரரின் இரக்கத்தையும் பொறுத்தது. அதனால் யோசனை ஒருநாளும் ஒரே அளவாக இருந்ததில்லை. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, காஞ்சிபுரம் வரை இறங்கிய சீனத் துறவி யுவான் சுவாங், இந்தியா பற்றிய தம் குறிப்பின் தொடக்கத்திலேயே இதைப் பேசுகிறார். அரசனின் படை ஒரு நாளில் நடக்கும் தூரம் யோசனை என்கிறார். லி என்ற சீன தூர அளவின்படி, பழைய கணக்கில் அது 40 லி, இந்திய நாடுகளின் வழக்கில் 30 லி, புத்த நூல்களில் வெறும் 16 லி என்று மூன்று விடை தருகிறார். குரோசம் என்றால் பசு கத்தினால் கேட்கும் தூரம் என்றும் சொல்கிறார். எந்தப் பசு என்று கேட்டால் சண்டைதான் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் இத்தகைய சீன யாத்திரிகர்கள் எழுதிவைத்த தூரங்களைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வடஇந்தியாவில் மண்மூடிக் கிடந்த பௌத்தத் தலங்களைத் தேடினார். 1871இல் வந்த அவருடைய பழைய இந்திய நிலவியல் நூலில், யோசனையும் லியும் எத்தனை மைல் என்று அவர் மல்லுக்கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

வானியலாளர்களுக்கும் இந்த அளவுதான் கிடைத்தது. ஆரியபட்டர் 499இல், தமது 23ஆம் வயதில், பூமியின் விட்டம் 1,050 யோசனை என்று கணித்தார். அவர் கொஞ்சம் முன்ஜாக்கிரதைக்காரர். தம் யோசனை என்பது 8,000 ஆள் உயரம் என்று சேர்த்தே சொல்லிவிட்டார். சூரிய சித்தாந்தமோ அதே பூமிக்கு 1,600 யோசனை கொடுக்கிறது. இன்றைய கணக்கில் பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஆரியபட்டரின் யோசனை சுமார் 12 கிலோமீட்டர், சூரிய சித்தாந்தத்தின் யோசனை சுமார் 8. பூமி ஒன்றுதான், பூட்டிய மாடுகள்தான் வேறு.

கவிஞர்கள் இந்தத் தொல்லைக்கெல்லாம் ஆளாகவில்லை. இராமாயணத்தில் கடலின் அகலம் 100 யோசனை. கடற்கரையில் வானரர்கள் உட்கார்ந்து யார் எவ்வளவு தாண்டுவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒருவன் பத்து என்கிறான். வயதான ஜாம்பவான் தொண்ணூறு என்கிறார். அங்கதன் நூறும் தாண்டுவேன், திரும்பி வருவது சந்தேகம் என்கிறான். யோசனையைத் தாண்ட ஒரு யோசனைக் கூட்டம். ஆரியபட்டரின் அளவில் அந்தக் கடல் 1,200 கிலோமீட்டர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். காவியத்தின் கடலை நில அளவைக்காரரிடம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் மணிமேகலை வேறு கதை. புகாரிலிருந்து மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிச்சென்று இறக்கிய மணிபல்லவம், தெற்கே 30 யோசனை தூரத்தில் இருந்ததாகச் சாத்தனார் சொல்கிறார். யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுதான் மணிபல்லவம் என்பவர்கள் பலர். அப்படிக் கொண்டால் பூம்புகாரிலிருந்து அது கிட்டத்தட்ட நேர் தெற்கு. நேர்கோட்டில் சுமார் 170 கிலோமீட்டர். ஒரு யோசனைக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. புத்த நூல்களின் யோசனை மற்றவர்களுடையதைவிடச் சிறியது என்று யுவான் சுவாங் சொன்னது நினைவிருக்கட்டும். சாத்தனார் பௌத்தர். வானில் பறந்த தெய்வத்தின் பாதைக்கு இவ்வளவு ஒழுங்கான கணக்கு கிடைப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் நடந்துபோகிற கண்ணகிக்குக் காதக் கணக்கு. மணிமேகலையில் பறக்கிறவளுக்கு யோசனைக் கணக்கு.

தாய்லாந்தில் இந்த அளவு இன்னும் சாகவில்லை. தாய் மொழியில் 'யோத்' என்றால் 16 கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரு அடி கூடாது, குறையாது. இரண்டாயிரம் ஆண்டு ஆட்டம்போட்ட யோசனையை அவர்கள்தான் ஒருவழியாகக் கட்டிப்போட்டார்கள். பயன் என்பதற்கு அவர்கள் சொல்வது 'ப்ரயோத்'. நம் பிரயோசனம்தான்.

சரி, தூரம் எப்படிச் சிந்தனை ஆயிற்று?

தூரம் சிந்தனை ஆகவில்லை. இரண்டும் ஒரே நுகத்திலிருந்து வேறு வேறு பக்கம் போனவை. மனத்தைப் பூட்டுவது என்ற பேச்சு ரிக் வேதத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் மண்டலத்தில் சவித்ரு தேவன் மேல் அமைந்த ஒரு பாடல், ஞானிகள் மனத்தைப் பூட்டுகிறார்கள், எண்ணங்களையும் பூட்டுகிறார்கள் என்று தொடங்குகிறது. வினை அதே யுஜ். அந்தப் புலவர்களுக்குத் தேர் வெறும் வாகனம் இல்லை. அவர்கள் கண்ட மிக வேகமான பொருளும் மிக நுட்பமான எந்திரமும் அதுதான். தறிகெட்டு ஓடும் எதையும் வேலைக்குக் கொண்டுவர அவர்களுக்குத் தெரிந்த வழி, பூட்டுவது. மனத்தை மட்டும் எப்படி விடுவார்கள்? கடோபநிடதத்தில் யமன் நசிகேதனுக்கு இதையே விரித்துச் சொல்கிறான். உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். மனம் பூட்டப்படாதவனுக்குப் புலன்கள் முரட்டுக் குதிரைகளாகும் என்கிறான். சுவேதாசுவதர உபநிடதம் தன் இரண்டாம் அத்தியாயத்தை மனத்தைப் பூட்டுவதில்தான் ஆரம்பிக்கிறது. யோகம் என்ற பயிற்சிக்குப் பெயர் வந்தது இந்த வழியில். இன்று பாய் விரித்துச் செய்யும் ஆசனங்களுக்குப் பின்னால் ஒரு தேர்க்கொட்டில் இருக்கிறது.

இலக்கணக்காரர்கள் வந்தபோது விலங்கும் மனமும் ஒன்றையொன்று அறியாத அளவுக்குப் பிரிந்துவிட்டன. பாணினி மரபின் வினையடிப் பட்டியலான தாதுபாடம் தனித்தனி யுஜ்களைக் காட்டுகிறது. ஒன்று சேர்த்தல். மற்றொன்று மனம் ஒருமைப்படுதல். சமஸ்கிருத அகராதிகளில் யோசனைக்குக் கீழே வண்டி, வழி, தூரம் என்று பொருள்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், சிந்தையை ஒரே புள்ளியில் செலுத்துதல் என்பதும் வருகிறது. பெண்பால் வடிவமான யோஜனா, ஏற்பாடு செய்தல், பொருத்தி அமைத்தல் என்று பொருள் தந்தது. உரையாசிரியர்கள் அதை வேறொரு நுட்பமான வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எது எதோடு சேரும் என்று பொருத்திப் பொருள் காண்பதற்கு அவர்கள் வைத்த பெயர் யோஜனா. நம் இலக்கணத்தில் கொண்டுகூட்டுப் பொருள்கோள் என்கிறோமே, அது போன்ற வேலை.

இந்த இடம்தான் யோசனையின் திருப்பம் என்று நான் நினைக்கிறேன். ஒரு கடினமான பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, இந்தச் சொல்லை அந்தச் சொல்லோடு பூட்டிப் பார்ப்பவன் செய்வதைத்தான் நாமும் கல்யாணச் செலவுக்கும் மகனின் படிப்புக்கும் செய்கிறோம். கையிருப்பை வட்டியோடும், வட்டியை நகையோடும், நகையை மைத்துனரின் மனநிலையோடும் பொருத்திப் பார்க்கிறோம். பொருந்தினால் வண்டி நகரும்.

நுகத்தையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கத் தமிழுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டினப்பாலையில் புகார் வணிகர்களின் நடுவுநிலை பிறழாத நெஞ்சை, நீண்ட நுகத்தின் நடுவே அடித்த ஆணிக்கு ஒப்பிடுகிறார் புலவர். பகலாணி என்று அதற்குப் பெயர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு மாடு அதிகச் சுமை இழுக்க நேரும். கொள்வதும் மிகை கொள்ளாமல், கொடுப்பதும் குறை கொடுக்காமல் இருப்பவன் மனத்துக்கு அதைவிடச் சரியான பொருளை இன்னும் யாரும் காட்டவில்லை.

யோஜனா இந்திய மொழிகளுக்குள் இறங்கியதும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை கிடைத்தது. இந்தியில் அது திட்டம். ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டிய திட்டக்குழுவுக்கு இந்தியில் 'யோஜனா ஆயோக்'. அந்த ஆயோக்கும் யுஜ் பிள்ளைதான். நுகத்தின் மேல் நுகம். 2015இல் திட்டக்குழு போய் நிதி ஆயோக் வந்தபோது ஒரு நுகம் கழன்றது, மற்றது நிலைத்தது. 1957 முதல் வெளிவரும் மத்திய அரசின் 'யோஜனா' இதழுக்குத் தமிழ்ப் பதிப்பில் பெயர் 'திட்டம்'. யோசனை என்று வைத்திருந்தால் அரசு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிங்களத்தில் 'யோஜனாவ' என்றால் முன்மொழிவு, தீர்மானம். மலையாளத்தில் 'யோஜிக்குக' என்றால் ஒத்துப்போவது, இணைவது. நாம் யோசிக்கும்போது மலையாளி ஆலோசிக்கிறார். அவர் யோஜித்தால் காரியம் முடிந்தது என்று பொருள். எல்லையில் வியாபாரம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

கன்னடத்தில் இரண்டு வடிவம் உண்டு. 'யோஜனெ' திட்டம், 'யோசனெ' சிந்தனை. அந்த யோசனெக்குள் கவலையும் இருக்கிறது. 'யோசனெ மாடபேடி' என்று ஒரு கன்னடக்காரர் சொன்னால், சிந்திக்காதீர்கள் என்று அறிவுரை சொல்கிறார் என்று கோபித்துக்கொள்ளக் கூடாது; கவலைப்படாதீர்கள் என்று தேற்றுகிறார். இதே பொருளை யாழ்ப்பாணத்திலும் கேட்கலாம். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று அங்கே ஒருவர் சொன்னால் அது ஆறுதல். தமிழ்நாட்டிலும் "அவளை நினைச்சா ஒரே யோசனையா இருக்கு" என்பதில் கவலையின் நிழல் விழுகிறது. ஆனால் யோசித்தலைத் தயங்குதலாக, இன்னும் ஒரு படி போய் 'முடியாது' என்பதாக மாற்றியது நம் ஊர்ப் பேச்சுதான். அவிழ்க்காமல் ஓடும் தூரத்துக்குப் பெயராக இருந்ததை, பூட்டியும் நகராத வண்டிக்குப் பெயராக்கிவிட்டோம். நம் நாகரிகம் அப்படி. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது.

ஆலோசனை இதன் தங்கை என்று பலரும் நினைக்கிறார்கள். ஓசை அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் ஒட்டுறவே இல்லை. லோசனம் என்றால் கண். திரிலோசனன் முக்கண்ணன், சுலோசனா நல்ல கண்ணாள். ஆலோசனை என்றால் நன்றாகப் பார்த்தல். எனவே யோசனை கழுத்திலிருந்து வந்தது, ஆலோசனை கண்ணிலிருந்து. அதிகாரிகள் கூட்டுவது எப்போதும் ஆலோசனைக் கூட்டம். கண்ணால் பார்ப்பதோடு நின்றுவிடும் கூட்டங்களும் அவற்றில் உண்டு.

விலங்கை ஓட்டிப் போனவர்கள் மனத்துக்கும் அதே சொல்லை வைத்தது இந்தியாவில் மட்டும் நடந்ததில்லை. தெக்கார்த் என்ற தத்துவ அறிஞரின் பெயரோடு உலகம் முழுவதும் சுற்றும் 'கோகிதோ', சிந்திக்கிறேன் என்று பொருள்படும் இலத்தீன் வினை. அதன் உள்ளே இருப்பது ஓட்டுதல் என்ற வினை. ஆடுமாடு ஓட்டுவதற்கு ரோமர்கள் வைத்திருந்த அதே சொல். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோ, இலத்தீன் மொழி பற்றிய தமது நூலில் இந்த வினைக்கு விளக்கம் தருகிறார். மனம் பலவற்றை ஓரிடத்துக்கு ஓட்டிச் சேர்க்கிறது, பிறகு அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறது, அதுதான் சிந்தனை என்கிறார். வேளாண்மை பற்றியும் முதுமையில் ஒரு நூல் எழுதியவர் அவர். பட்டி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதே தெக்கார்த் பிரெஞ்சில் எழுதியபோது கையில் எடுத்த சிந்தனைச் சொல்லோ தராசிலிருந்து வந்தது. பான்ஸே என்ற அந்த வினையின் மூலப்பொருள் எடைபோடுதல். ஒரே மனிதர், ஒரே சிந்தனை. ஒரு மொழியில் மேய்ப்பர், மறு மொழியில் கடைக்காரர்.

தமிழின் சொந்தச் சொற்களில் எது எங்கே பிறந்தது என்று பார்த்தால், அவையும் உழைப்பிலிருந்து வந்தவைதான். ஆய்தல் என்பதை இன்றும் கீரைக்கும் சொல்கிறோம், பல்கலைக்கழகத்துக்கும் சொல்கிறோம். பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் கிள்ளிப் போடுவது இரண்டிடத்திலும் நடக்க வேண்டும். சூழ்தல் என்றால் ஒரு விஷயத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்ப்பது. திருக்குறளில் சூழ்ச்சி மரியாதையான சொல், ஆராய்ந்து முடிவுக்கு வருதல் என்ற பொருளில். நாம் அதைக் கெடுத்து வில்லன்களுக்குக் கொடுத்துவிட்டோம். எல்லாவற்றிலும் எண் எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. எண்ணுதல் என்றால் கணக்கிடுதல், எண்ணுதல் என்றால் சிந்தித்தல். ஒன்று, இரண்டு என்று பிரித்து அறிவதும் இது வேறு அது வேறு என்று உணர்வதும் ஒரே வேலைதான் என்று யாரோ ஒருவர் மிகப் பழைய காலத்தில் கண்டுகொண்டிருக்கிறார். யோசனை பூட்டுகிறது, எண்ணம் பிரித்து வைத்துப் பார்க்கிறது. இரண்டும் வேண்டியவைதான்.

தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் யோசனையை நீக்கிவிட்டுச் சிந்தனை என்று எழுதுகிறார்கள். கூட்டத்தில் பேசும்போது 'என் யோசனை' என்று வாய்தவறி வந்தால் 'என் சிந்தனை' என்று திருத்திக்கொள்பவர்களும் உண்டு. சிந்தனையும் சமஸ்கிருதம்தான். 'சிந்த்' என்ற வினையடியிலிருந்து வந்தது. இந்தியில் 'சிந்தா' என்றால் கவலை. பேச்சுவழக்கிலிருந்து ஒன்றைக் கழற்றி, மேடைவழக்கிலிருந்து அதே ஊர்க்காரர் இன்னொருவரைக் கொண்டுவந்து பூட்டுவதால் என்ன ஆகிவிடும்? யோசனை நம் சமையலறைவரை வந்து பழகிய சொல். மாடு மேய்க்காத பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்பவர்கள் சிந்தனைக்கு ஓடாமல் எண்ணத்திடம் வாருங்கள். பேச்சுத்தமிழில் 'எண்ணு' என்பது இப்போது காசு எண்ணுவதோடும் வாக்கு எண்ணுவதோடும் நின்றுவிட்டது. 'எண்ணம்' என்ற பெயர்ச்சொல்லில்தான் மற்றப் பொருள் உயிரோடு இருக்கிறது. பள்ளியில் ஒன்று முதல் நூறு வரை எண்ணக் கற்றுத்தரும் ஆசிரியர்கள், அதே வகுப்பில் அந்த வினையின் இன்னொரு பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் நல்லது. ஐந்து நிமிடம்கூட ஆகாது.